இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

அவருக்கு ‘டீசல்’ என்று பெயர் வைத்தது லாரி ஷெட்டில் யாரோ ஒரு புண்ணியவான். வாழ்க்கை முழுக்க லாரி ஓட்டிய மனிதருக்கு உடம்பில் ஓடுவது ரத்தமா டீசலா என்று விளையாட்டாகக் கேட்கப்போய், அதுவே நிலைத்துவிட்டது. தங்கச்சி புருஷன்கூட நேரில் பார்க்கும்போதுதான் ‘மச்சான்’ என்பார். அந்தப் பக்கம் திரும்பினால் டீசல்தான். அப்பேர்ப்பட்டவர், கிளம்பினதா இல்லையா என்றே தெரியாத எலெக்ட்ரிக் கார் ஒன்றில் உட்கார்ந்து, அதன் பின்னால் எலெக்ட்ரிக் கேரவன் ஒன்றையும் மாட்டிக்கொண்டு மலை ஏறப்போகிறார் என்று கேள்விப்பட்டால் ஷெட்டே வயிறு வலிக்கச் சிரித்திருக்கும். காரணம் தெரிந்திருந்தால் ஒருவனும் சிரித்திருக்க மாட்டான்.

தங்கச்சிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. இது திரும்புகிற வியாதி இல்லை என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின், மெஷினுக்குக் கரண்ட். கரண்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவள் இருக்க முடியும். அவளுடைய ஒரே மகள் மலைக்கு அந்தப் பக்கம், நிறைமாசத்தில், எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்கையில் கிடக்கிறாள். மகளால் வர முடியாது. அம்மாவை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். போனில் முகத்தைப் பார்த்து இரண்டு பேரும் அழுவதோடு சரி.

“ஒரு தடவ அவ தலையத் தொட்டுட்டேன்னா போதும்ணே” என்று ஒருநாள் அண்ணனிடம் சொன்னாள். அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். டீசலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

“நான் கொண்டுபோய் விடறேன் பாப்பா” என்றார். ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்; கேட்டுக் கேட்டு அவள் புருஷனுக்கும் அதே பழகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, இதில் சம்மதமே இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே தலை நரைத்தவர். வேண்டாம், வேண்டாம் என்று ஒரு வாரம் தலையாட்டினார். பிறகு அவரேதான் தேடிப்பிடித்து அந்தக் கேரவனை வாடகைக்கு எடுத்தார். உள்ளே ஒரு கட்டில், சின்ன சமையல் மேடை, பெரிய மெஷினை வைக்க ஒரு மூலை. ஓடும்போது கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் ஓடுகிற நேரத்தில் அவள் காரில், தோளில் மாட்டும் சின்ன மெஷினோடு உட்கார வேண்டும். அந்தச் சின்னது தாக்குப்பிடிக்க மட்டும்தான். நாலு மலைத்திருப்பம் போனால் அவளுக்கு அது பத்தாது. வழியில் நிறுத்தி நிறுத்தி, கேரவனில் படுக்கவைத்து, பெரிய மெஷினில் மூச்சை நிரப்பிக்கொண்டுதான் மேலே போக முடியும். ராத்திரி முழுக்கவும் பெரியதுதான்.

வாடகைக்கு விடுபவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கேரவனுக்கு அடியில் பெரிய பேட்டரி, சக்கரத்தில் மோட்டார். ஏற்றத்தில் அது தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும், காருக்குப் பாரம் தெரியாது. இறக்கத்தில் அதே மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுத்து, அந்த வேகத்தையே சார்ஜாக மாற்றிக்கொள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்குக் கார் திரையில் ஒரு கோடு. இடது பக்கம் வைத்தால் தள்ளாது, வலது பக்கம் போகப் போகத் தள்ளும். “வீட்டுக்குள்ள ஓடற லைட்டு, மெஷின் எல்லாத்துக்கும் அதே பேட்டரிதாங்க” என்றும் சொன்னார். மாப்பிள்ளை இரண்டு காதையும் கொடுத்துக் கேட்டார். நம்ம டீசல் அந்த நேரத்தில் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டும், கொக்கியைப் பிடித்து ஆட்டிக்கொண்டும் இருந்தார். வண்டியைப் பற்றி அவருக்கு இன்னொருத்தன் பாடம் எடுப்பதா?

முதல் நாள் நல்லபடியாகத்தான் போனது. ஒரே தொல்லை, சார்ஜ் போடும் இடங்கள். கார் மட்டும் நுழைகிற மாதிரிதான் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்; பின்னால் ஒரு வீடே தொங்கிக்கொண்டு வரும் என்று எவனும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேரவனை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, காரை மட்டும் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். முடிந்ததும் மறுபடி பின்னால் வந்து மாட்ட வேண்டும். டீசல் ஒரே வெட்டில் கொக்கிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். அதில் அவருக்குப் பெருமை பிடிபடாது.

“பாத்தியா பாப்பா? உன் புருஷன விட்டிருந்தா இந்நேரம் கொக்கியத் தேடிக்கிட்டு அடுத்த ஊருக்கே போயிருப்பாரு.”

“அவரு லிஃப்டு ஓட்டறவருண்ணே. மேல கீழதான் போகத் தெரியும்” என்றாள் கட்டிலில் படுத்தபடி. மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவளுக்கு இருமல் வந்து, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகு மூன்று பேரும் பார்த்துத்தான் பேசினார்கள்.

இரண்டாம் நாள் மலை. கிளம்பும்போது மாப்பிள்ளை திரையில் கோட்டை இடது பக்கம் தள்ளி வைத்தார். “இத மட்டும் தொடாதீங்க மச்சான். மேல போனதும் பாப்பாவுக்கு வேணும்.” டீசல் தலையை ஆட்டினார். காதில் போட்டுக்கொண்டாரா என்றால், இல்லை. அவருடைய லாரியில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, கேபினில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனியாக ஒரு பேட்டரி. உலகத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான் என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. மாப்பிள்ளை எதையுமே உண்டியலில் போட்டு வைக்கிற ஆசாமி, சார்ஜைக்கூட விடமாட்டேன் என்கிறார் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

முந்தின ராத்திரி முழுக்க மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, முதல் சில திருப்பங்களிலேயே முன் சீட்டில் தூங்கிப்போனார். தங்கச்சி பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏற்றம் கூடக்கூடக் கார் திணறியது. பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு பால் வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. இடம் கிடைத்ததும் ஒட்டி உரசிக்கொண்டு முன்னே வந்து, “ஓட்டத் தெரியலன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதானே பெருசு?” என்று கத்திவிட்டுப் போனான்.

டீசலுக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் அவரை ஒருத்தன் அந்தக் கேள்வி கேட்டதில்லை. பக்கத்தில் பார்த்தார், மாப்பிள்ளை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரலை நீட்டிக் கோட்டை வலது பக்கம் கடைசி வரைக்கும் தள்ளினார்.

பின்னால் இருந்து யாரோ முதுகில் கைகொடுத்த மாதிரி வண்டி எழும்பியது. பாரம் என்பதே இல்லை. அடுத்த இரண்டு திருப்பங்களுக்குள் பால் வண்டியைப் பிடித்துவிட்டார். அதைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சின்னப் பையன் தோற்றான்.

“நல்லா ஏறுதேண்ணே” என்றாள் தங்கச்சி.

“அண்ணன் ஓட்டறேன்ல” என்றார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, திட்டம் போட்டு வைத்திருந்த சார்ஜ் நிலையம் வந்தது. நாலு தூண்கள், நாலின் திரையும் இருட்டு. பக்கத்து டீக்கடையில் இருந்த பெண், மதியம் மண் சரிந்து கரண்ட் கம்பம் விழுந்துவிட்டது என்றாள். “நாளைக்குத்தாங்க வரும். என் கடையிலயே கரண்ட் இல்ல.”

அதைக் கேட்க மாப்பிள்ளைக்கு நேரமில்லை. தங்கச்சியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. இரண்டு பேரும் கைத்தாங்கலாகக் கேரவனுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பெரிய மெஷினைப் போட்டார்கள். அவளுக்குக் கொஞ்சம் நிறம் திரும்பி, கண்ணைத் திறந்து பார்த்தபோது, கதவோரம் பேட்டரி அளவைக் காட்டும் பலகை கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மாப்பிள்ளை எழுந்து பார்த்தார். காலையில் நிரம்பி வழிந்த பேட்டரியில் ஒன்பது சதவீதம் காட்டியது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “இது எங்க போச்சு?” என்றார், யாரையும் பார்க்காமல்.

டீசலுக்கு அப்போதுதான் உறைத்தது. வாடகைக்காரர் சொன்னது, மாப்பிள்ளை சொன்னது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டையில் வந்து இடித்தது. பொய் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “நான்தான் மாப்ள. கோட்ட முழுசா தள்ளிட்டேன். மெஷினுக்குத் தனியா இருக்கும்னு நெனச்சேன்.”

மாப்பிள்ளை குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. அன்று கேட்டார். “உங்க தங்கச்சி மூச்ச எடுத்து ரோட்டுல கொட்டியிருக்கீங்க மச்சான்! எதுக்கு? எவன முந்தறதுக்கு?”

டீசல் என்ன சொல்வது? ஒரு பால் வண்டியை முந்துவதற்கு என்றா?

மாப்பிள்ளை மெஷினின் அளவைக் குறைத்தார். வெளியே வந்து, அவளுக்குக் கேட்காத தூரத்துக்கு மச்சானை அழைத்துப்போனார். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழுதான லிஃப்டுக்கு முன்னால் நிற்கும் ஆளாகப் பேசினார். இந்தக் காரிலிருந்து வெளியே கரண்ட் எடுக்க வழி கிடையாது. இருக்கும் ஒன்பதும் ராத்திரியில் பாதிகூடத் தாங்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கீழேயிருந்து வந்து கீழேயே கொண்டுபோகும். “பேசாம திரும்பிடலாம். இறங்கறப்ப கேரவன்ல சார்ஜ் ஏறிடும். அடிவாரத்துல ஆஸ்பத்திரி இருக்கு. உயிருக்குப் பயமில்ல.”

“மேல போனா?”

“உச்சி பக்கம்தான். ஆனா செங்குத்து. கார்ல இருக்கறது கேரவன இழுத்துக்கிட்டு அங்க போகப் பத்தாது. இந்த ஒன்பதையும் தள்ளறதுக்குக் குடுத்தாத்தான் ஏறும். ஏறிட்டா அந்தப் பக்கம் நீள எறக்கம், தாராளமா சார்ஜ் வரும். ஆனா நடுவுல பாப்பாவுக்கு ஏதாவதுன்னா பெரிய மெஷின் ஓடாது மச்சான். சின்னது மட்டும்தான்.”

“அப்ப திரும்பிடலாம்” என்றார் டீசல்.

கேரவனின் ஜன்னல் திறந்திருந்தது. எவ்வளவு தூரம் போனால் என்ன, மலைக்காற்று எல்லாவற்றையும் கொண்டுபோய் அவள் காதில் சேர்த்துவிட்டது. கையால் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள்.

“கீழ போனா... மறுபடி என்னக் கூட்டிட்டு வருவீங்களா?”

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். எந்த டாக்டர் விடுவார்? விட்டாலும் அதற்குள் அவள் உடம்பு விடுமா?

“பதில் சொல்லுங்களேன்.”

“வர முடியாது” என்றார் மாப்பிள்ளை. பெண்டாட்டியிடம் அவர் பொய் பேசியது கிடையாது.

“அப்ப மேல போங்க” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “மூச்சு என்னோடதுங்க. எங்க செலவு பண்ணணும்னு நான் சொல்றேன்” என்றாள்.

அதற்குமேல் அங்கே யாரும் வாதாடவில்லை. கேரவனின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தார்கள். மேசை, நாற்காலி, கேஸ் அடுப்பு என்று எடை உள்ளது அத்தனையும் டீக்கடையில் இறங்கியது. அவளைக் கொஞ்ச நேரம் பெரிய மெஷினில் வைத்துத் தேற்றிவிட்டு, அதை அணைத்து, காரின் பின் சீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் எண்ணைப் பார்த்துக்கொண்டார். டீசல் கோட்டை வலது பக்கம் தள்ளினார். காலையில் தள்ளிய அதே விரல்தான்.

முட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். பின்னால் வரிசை சேர்ந்தது, ஹாரன் அடித்தார்கள். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, இடம் வந்த போதெல்லாம் ஒதுங்கி, ‘போங்கப்பா, போங்க’ என்று கையைக் காட்டினார். திரையில் ஏழு, ஆறு, நாலு. பின் சீட்டில் மாப்பிள்ளை முதலில் கிளிப்பின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று கேட்க டீசலுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் தங்கச்சியின் தலை புருஷன் தோளில் சாய்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. எந்தச் சாமியிடமும் எதையும் கேட்காத மனிதர், அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

உச்சியின் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது கேரவனில் ஒன்று என்று காட்டியது. சாலை முன்பக்கமாகச் சரிந்தது.

“மச்சான், இப்பக் கேளுங்க” என்றார் மாப்பிள்ளை. இந்தத் தடவை டீசல் உடம்பெல்லாம் காதாகக் கேட்டார். “காரும் எறக்கத்துல தானாப் பிடிச்சு சார்ஜ் எடுத்துக்கும், அத முழுசா கொறைங்க. கேரவனே பிடிக்கட்டும், சார்ஜ் அதுக்குத்தான் போகணும். பிரேக்குல மட்டும் கால வைக்காதீங்க. பிரேக்குல போறது வெறும் சூடு. அது பாப்பாவுக்கு வர வேண்டியது.”

சொல்வது சுலபம். பிரேக் இல்லாமல் மலை இறங்கியவர்கள் பள்ளத்தில் கிடப்பதை டீசல் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கயிறு கட்டி இறங்கிப் பிணம் தூக்கியும் இருக்கிறார். இறக்கம் என்று கண் பார்த்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். முதல் திருப்பத்தில் அப்படியே போனது, ஏறப்போன எண் அப்படியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். வண்டி ஓட ஆரம்பித்தது. ஓடி, ஓடி, இனி பிடிக்காது என்று அவர் நினைத்த இடத்தில், பின்னால் கேரவன் தன் சக்கரத்தைப் பிடித்துக் காரின் வேகத்தை இழுத்து அடக்கியது. ஓங்கிப் பிடிக்கவில்லை, உலுக்கவில்லை. அண்ணன் தங்கச்சியின் கையைப் பிடித்துப் படி இறக்குகிற பிடிமானம் அது.

இரண்டு என்றது திரை. அடுத்த இறக்கத்தில் நாலு. டீசல் இப்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார், அவளுக்குக் கேட்கட்டும் என்று. “அஞ்சு பாப்பா... ஆறு... கேக்குதா பாப்பா?”

பதில் இல்லை. “கேக்குது, கேக்குது. நீங்க ரோட்டப் பாருங்க” என்றார் மாப்பிள்ளை. அவர் அழுதுகொண்டிருந்தது குரலில் தெரிந்தது.

எண் பத்தைத் தாண்டியதும் அகலமான ஓரம் ஒன்று கிடைத்தது. டீசல் கட்டை கொடுக்க ஓட, மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்குள் ஏறினார். பெரிய மெஷின் முனக ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் இமைகூட ஆடவில்லை. பிறகு நெஞ்சு ஒரு தடவை நன்றாக ஏறி இறங்கியது, பிறகு இன்னொரு தடவை. கிளிப்பில் எண் மெல்ல மேலே வந்தது. டீசல் வெளியே போய், கேரவனின் பக்கவாட்டில் தலையை முட்டுக்கொடுத்து நின்று, கேவிக் கேவி அழுதார். வயசு, மீசை, ஷெட்டில் இருந்த பெயர், எதுவும் குறுக்கே வரவில்லை.

அங்கேயே அவளைத் தேற்றிக்கொண்டு, மிச்ச இறக்கத்தையும் அதே மாதிரி இறங்கினார்கள். அடிவாரத்துக்கு வரும்போது ராத்திரிக்குத் தேவையான சார்ஜ் ஏறிவிட்டது. இன்னும் பொழுது சாயவில்லை. மகளுக்குப் போன் போட்டு, நாளைக்குக் காலையில் வாசலில் இருப்போம் என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் அவள் “அம்மா, அம்மா” என்று கத்தியது கேரவன் முழுக்கக் கேட்டது.

நிம்மதி வந்ததும் மாப்பிள்ளைக்குப் பழைய குணம் வந்துவிட்டது. போனை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். டீசல் தரையில் உட்கார்ந்து தங்கச்சியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான், திரும்பி வரப்ப இந்தப் பக்கம்தான் ஏத்தம் நீளம். இன்னைக்கு மாதிரி ஆகக் கூடாது. கீழயே ரொப்பிக்கிட்டு, பாதிய மெஷினுக்குன்னு ஒதுக்கிடணும். மீதியத்தான் தள்ளறதுக்கு விடணும்.”

“நீங்க சொல்றபடி மாப்ள. இனிமே நான் எதையும் தொட மாட்டேன்.”

“ஏங்க” என்றாள் அவள். கண் மூடித்தான் இருந்தது. “பாதிய ஒதுக்க வேணாம்.”

“ஏன்?”

“வரப்ப மெஷின் ஓடாதுல்ல.” நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். “எல்லாத்தையும் தள்ளறதுக்கே குடுத்துடுங்க. அண்ணன் ஜம்முனு ஏறி வரட்டும். அப்ப அவரத் திட்டாதீங்க.”

டீசலின் கை அவள் காலிலேயே நின்றுவிட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தார். என்ன பேச்சு பேசுகிறாய், வாயை மூடு என்று அவளைச் சின்ன வயசிலிருந்து எத்தனை தடவை அதட்டியிருக்கிறார். அவள் சொன்னதில் எதைப் பொய் என்பது? மகளிடம் போய்ச் சேரத்தான் கிளம்பினாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது.

மாப்பிள்ளை கணக்கை முடிக்கவில்லை. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அவள் போர்வையை இழுத்துவிட்டார்.